செம்புக்கு இடமில்லாத படகு

என் மொட்டைக்கண்ணு,

மூன்று வயதில் கோயிலில் உனக்கு முடி இறக்கினோம். அது திரும்ப வளர ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதற்குள் நம் சுரினாம் கிராமத்திலிருந்து சுய்யாக் மீன்துறை வரைக்கும் எல்லாருக்கும் நீ மொட்டையாகிவிட்டாய். சீனி ஆலைப் பட்டறையில் மெக்கானிக் ஆகி, சட்டைப் பையில் பென்சில் குத்திக்கொண்டு நடந்த பிறகும் துறையில் உனக்கு அதுதான் பெயர். நீ கோபித்துக்கொண்டதில்லை. அதனால் நானும் மாற்றவில்லை.

நாளைக் காலையில் உன் படகைத் தண்ணீரில் இறக்குகிறோம். கரும்பு லாரி உன்மேல் ஏறிய வெட்டுக்காலம் முடிந்துவிட்டது. தீவுக்குப் புதுக் கொடி வரப்போகிறது என்று ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். படகு இன்னும் பாதாம் மரத்தடியில்தான் நிற்கிறது. செப்புத் தகடு இல்லாமல் அதில் ஏற மாட்டேன் என்கிறார் வீராப்பன் சித்தப்பா. செம்பு ஏறினால் படகு கெட்டுப்போகும் என்று சொன்னது நீ. என்ன செய்வதென்று சொல்ல வேண்டியவள் நான். படகு என் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது, செய்தவன் என் மகன், வேறு யாரைக் கேட்பார்கள்? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும்தான், அதுவும் கோயில் மாலை வகுப்பில் கற்ற அளவு. நாம் வீட்டில் பேசியதெல்லாம் இந்தத் தீவின் கிரியோல் பாஷை. இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். நீ இருந்திருந்தாலும் இதை எழுத்துக்கூட்டித்தான் படித்திருப்பாய். பாதியில் காகிதத்தை என்னிடம் நீட்டி, "நீயே வாயால சொல்லிடும்மா" என்றிருப்பாய்.

பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிற அம்மாக்கள் புத்தி சொல்வார்கள். உனக்கு இனி எந்தப் புத்தியும் வேண்டியதில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு எழுத எனக்கு வரவில்லை, அதனால் நடுநடுவே சொல்வேன், பொறுத்துக்கொள்.

கரும்புக்காட்டில் வேலைநிறுத்தம் நடந்த காலத்தில் நான் சிறுமி. அப்போது தோட்டத்து வீட்டிலிருந்து எங்களைக் கிளப்பிவிட்டார்கள். என் அப்பா கடற்கரைக்கு வந்து பிரோக் என்கிற மரப் படகொன்றை வாங்கி மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டார். வெட்டுக் கத்தி பிடித்த கைக்குத் தூண்டில் பழக நாளாயிற்று. அவருக்குப் பின் அந்த பிரோக் மருமகனுக்கு வந்தது, உன் அப்பாவுக்கு. பிரோக் வாங்கினால் கோயிலில் மந்திரித்த செப்புத் தகட்டை அதன் அடிக்கட்டையில் ஆணி அடித்து வைப்பது நம் ஆட்களின் வழக்கம். உள்ளங்கை அளவு இருக்கும், மேலே கட்டம் கட்டமாகக் கீறியிருக்கும். அடியில் ஊறுகிற கடல் தண்ணீரிலேயே அது வருஷக்கணக்காகக் கிடக்கும். மரத்துக்கு அதனால் ஒரு கேடும் கிடையாது.

பவளப்பாறை இடைவெளி விட்ட வாய்வழியில் பெரிய அலை வந்து அந்த பிரோக்கைக் கவிழ்த்தபோது நீ பள்ளிக்கூடம் போகிற பையன். உள்ளே இருந்தவர்கள் உன் அப்பாவும் அவர் தம்பி வீராப்பனும். கவிழ்ந்த பிரோக்கின் முதுகில் வீராப்பன் மதியம் வரை ஒட்டிக்கொண்டு கிடந்தார். அப்பா கிடைக்கவில்லை. பிரோக்கை இழுத்து வந்து கரையில் நிமிர்த்தினார்கள். தகடு ஆணி அசையாமல் இருந்தது. "அதுதான் அண்ணி என்னைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு," என்றார் வீராப்பன். ஆணியைப் பிடுங்கித் தகட்டைக் கழுவி சாமி மாடத்தில் வைத்தேன். அது இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

நீ அந்த பிரோக்கைப் பற்றிப் பேசியதே இல்லை. பட்டறைக்கு வேலைக்குப் போனாய், இரும்பு பழகினாய், நான் துறையில் மீன் வாங்கி வீடு வீடாக விற்றேன். ஒருநாள் ஏதோ கப்பலின் உடைந்த உயிர்காப்புப் படகொன்றை ஒட்டுப்போட உங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். அது அலுமினியம். அன்று மாலை சைக்கிளை நிறுத்துமுன்பே பேச ஆரம்பித்தாய். அது அழுகாது, துருப்பிடிக்காது, கறையான் தின்னாது. முன்னாலும் பின்னாலும் காற்று அடைத்த அறைகள் வைத்து மூடிவிட்டால் படகு முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் முழுகாது. "கவிழ்ந்தாக்கூட பிடிச்சுக்கிட்டே இருக்கலாம்மா, எத்தனை பேரு வேணும்னாலும்," என்றாய். எத்தனை பேர் என்று நீ சொன்னபோது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைக் கணக்கில் சேர்க்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

காகிதத்தில் வரைந்து பார்த்தாய், திருப்தியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையைப் பெருக்கி, சுண்ணாம்பால் தரையில் முழு அளவில் படகை வரைந்தாய். வீராப்பனையும் அவர் கூட்டாளி அந்துவானையும் என்னையும் அந்தக் கோட்டுக்குள் உட்காரச் சொன்னாய். அந்துவான் கிரியோல்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அவன் பாஷையில் என்னைத் தாந்தின் என்று சித்தி முறையில் கூப்பிடுவான். கயிற்றின் ஒரு முனையில் கல்லைக் கட்டி, மறுமுனையை அவர்கள் கையில் கொடுத்து, கடலில் மீன்கூடு இழுக்கிற மாதிரி இழுங்கள் என்றாய்.

"சித்தப்பா, எந்தப் பக்கமா சாஞ்சு இழுப்பீங்க?"

"சாயறதாவது. நான் நேரா இழுக்கிறவன். சாயறவன் அந்துவான், சனிக்கிழமை சம்பளம் வாங்கினா."

"தாந்தின், இவர் தோள்பட்டை போனதிலிருந்து இடப்பக்கம்தான் சாய்வார். சொன்னா ரோஷம் வரும்."

நீ இடப்பக்கக் கோட்டை அழித்து உள்ளே தள்ளி வரைந்தாய். அந்தப் பக்கம் விளிம்பைத் தாழ்த்தி, கூடு உருண்டு ஏற மர உருளை வைப்பதாகச் சொன்னாய். வேலிக்கு அப்பால் போன ஒருத்தி நின்று, மூன்று பெரிய மனிதர்கள் மண்ணில் உட்கார்ந்து கயிறு இழுப்பதைப் பார்த்து, "என்ன, மீன் கடிக்குதா?" என்றாள். கோழிகள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தன. "கடிக்குது, ஆனா எல்லாத்துக்கும் இறக்கை இருக்கு," என்றான் அந்துவான். என்னிடம், மீனை எடுக்கக் குனியும்போது எங்கே வலிக்கும் என்று கேட்டாய். இடுப்பைக் காட்டினேன். மீன் பெட்டியின் உயரம் என் இடுப்புக்கு வந்தது அப்படித்தான். கடைகளில் வாங்குகிற படகு யாரோ ஒருவருக்காகச் செய்தது. இது எங்கள் மூன்று பேர் உடம்பை அளந்து செய்தது.

அலுமினியத்தைத் தைப்பது ரிவிட் ஆணியால். வெளியே ஒருவர் சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒருவர் ஆணியின் தலைக்கு முட்டுக் கொடுத்து இரும்புக் கட்டையைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் அந்த வேலை நடக்காது. நீ வெளியே, நான் உள்ளே. நடுவில் அலுமினியம், முகம் தெரியாது. வெளியே இரண்டு தட்டு: பிடித்துவிட்டாயா? உள்ளே ஒரு தட்டு: பிடித்துவிட்டேன். பிறகு அடி. ஆலை விட்டு வந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படியே ஓடியது. என் காது மந்தமானது அதில்தான். அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

பக்கங்கள் இரண்டும் நின்று, படகு படகு மாதிரித் தெரிந்த அன்று வீராப்பன் தகட்டைக் கேட்டார். நீ வேண்டாம் என்றாய். அதற்கு முன்பே அவர் ஆசையாக வாங்கி வந்த பித்தளைக் கீலைத் திருப்பிக் கொடுத்திருந்தாய், பித்தளையிலும் செம்பு இருக்கிறது என்று. அவர் அதை மறக்கவில்லை. நீ என் அலுமினியச் சட்டியொன்றை எடுத்து, கடல் தண்ணீர் நிரப்பி, ஒரு துண்டுச் செம்பைப் போட்டு, சமையலறைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாய். நான் அதை மறந்துவிட்டேன். ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சட்டியைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். செம்பு கிடந்த இடம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுவில் ஊசித் துளை வழியாக வெளிச்சம் வந்தது.

"இந்தச் சட்டிதான் சித்தப்பா படகு. தகடு அடியில கிடந்தா இதான் நடக்கும். நீங்க வாய்வழியைத் தாண்டும்போது நடக்கும்."

"நல்ல சட்டி," என்றேன் நான்.

வீராப்பன் சட்டியைத் தொடக்கூட இல்லை. "உன் படிப்பு எனக்கு வேணாம். தகடு இல்லாத படகுல நான் கால் வைக்க மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்கோ."

"அலுமினியத்துலயே ஒரு தகடு அடிச்சுத் தரேன், பூசாரி மந்திரிக்கட்டும்."

"அவரைக் கேட்டாச்சு. சோறாக்குற சட்டியில சாமியை எழுதச் சொல்றியான்னு கேட்டாரு."

அந்துவான் சட்டைக்குள்ளிருந்து மாதா பதக்கத்தை வெளியே எடுத்தான். "இது அலுமினியம்தான், சாமியார் கையால கொடுத்தது. இந்தப் படகுக்கு எங்க மாதா ஒத்துவருவா. நீங்களும் எங்க பக்கம் வந்துடுங்க வீராப்பன், ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்திரிக்கணும், அவ்வளவுதான்." யாரும் சிரிக்கவில்லை. அவனும் உள்ளே போட்டுக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு நான்தான் கேட்டேன், துணியில் சுற்றி வைத்தால் என்ன என்று. துணி நனையாதா என்றாய். மெழுகு பூசி வைத்தால்? மெழுகு உரியாதா என்றாய். சித்தப்பா வராவிட்டால் படகு யாருக்கு என்றேன். அப்போது நீ சாமி மாடத்தைக் காட்டிச் சொன்னாய்: "அப்பாகூடவும்தான் போச்சு அது. என்ன செஞ்சுச்சு?"

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். புத்தி சொல்வேன் என்றேனே, முதலாவது இது. வாதாடும்போது செத்துப்போனவரைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. அவர் எந்தப் பக்கமும் பேச மாட்டார், கூப்பிட்டவர்கள்தான் அந்த வார்த்தையோடு நிற்க வேண்டியிருக்கும். நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதே கேள்வியைத் தகட்டைக் கழுவிய அன்றே நானும் கேட்டுவிட்டேன், வாய்விட்டு அல்ல.

அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. சோறு வைத்தேன், சாப்பிட்டாய். வீட்டுச் சாவியை என்னிடம் கேட்காமல் நீயே எடுத்துக்கொண்டாய். ஆனால் ரிவிட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மாலையில் நீ சுத்தியலை எடுத்தால் நான் கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்குவேன். வெளியே இரண்டு தட்டு, உள்ளே ஒரு தட்டு, அடி. முன்னைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வேலியோரம் போகிறவர்கள் கேட்டிருந்தால் அம்மாவும் மகனும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அது பொய்யும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய் வந்தேன். நீ கொல்லையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாய். இலையில் சோறு வைத்தும் கையை வைக்கவில்லை, கரண்டி எடுத்துச் சாப்பிட்டாய். விரல்களில் ரப்பர் பசை அப்பியிருந்தது, வாடையும் அடித்தது. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியிருப்பாய் என்று நினைத்தேன். பேசிக்கொண்டிருந்த காலமாக இருந்தால் கேட்டிருப்பேன். நீயும் ஏதோ சொல்ல வந்த மாதிரி ஒருமுறை தலையைத் தூக்கினாய். பிறகு ஊறுகாயைக் கேட்டாய். அத்தனை நாளில் நீ வாய்திறந்து கேட்டது அதுதான். எடுத்து வைத்தேன்.

அந்த வாரமே லாரி. ஆலைக்குப் போகும் வளைவில், கரும்பு உயரமாக நிற்கும் இடம். கரும்பு மறைக்கிற வளைவில் மணி அடித்துக்கொண்டே போ என்று நீ முதல்முதல் சைக்கிள் ஏறிய நாளிலிருந்து சொல்லியிருக்கிறேன். மணி அடித்தாயா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஓட்டியவனும் சின்னப் பையன். அவன் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன், ஆறிப்போயிற்று. கடலுக்குப் பயந்து முழுகாத படகு செய்தவன் நீ. கடலுக்கும் உனக்கும் ஒன்றும் இல்லாமலே முடிந்துவிட்டது. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன், அதிலிருந்து எனக்கு எந்தப் பாடமும் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மீதி வேலையை அந்துவான் எடுத்துக்கொண்டான். நான் உள்ளே கட்டை பிடித்தேன். அவனுக்கு இரண்டு தட்டுத் தட்டத் தெரியாது, "தாந்தின், கொரெக்?" என்று, சரியா என்ற அர்த்தத்தில், கத்துவான், பதிலுக்குக் காத்திராமல் அடிப்பான். இரண்டு நாள் கழித்து வெளியே போய் அவனுக்குத் தட்டுவதைச் சொல்லிக் கொடுத்தேன். அன்று அவன் முதல்முதலாக இரண்டு தட்டியபோது எனக்குக் கட்டையைத் தூக்க வரவில்லை. அவன் மறுபடியும் தட்டினான். பிடித்தேன். வேலை முடிந்தது.

இன்று காலை கயிறுகளை வைக்க, முன்பக்கக் காற்றறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையைத் திறந்தேன். அங்கே நான் இறங்கியதே இல்லை, நீ தனியாகவே இரண்டு பக்கமும் கை எட்டி வேலை செய்கிற இடம் அது. கையை விட்டுத் தடவியபோது மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில், ஒரு சின்னப் பெட்டி அகப்பட்டது. தேக்கு மரத்தில் செய்து, மூடி போட்டு, உள்ளும் புறமும் சைக்கிள் டியூப் ரப்பரை மடிப்பில்லாமல் ஒட்டியிருக்கிறாய். எதை வைத்தாலும் அது அலுமினியத்தைத் தொடாது. வீராப்பனையும் அந்துவானையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வீராப்பன் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார். "தகட்டுக்குத்தான் அண்ணி. வேற எதுக்கு? பையன் மனசு மாறிட்டான்."

அந்துவான் தயங்கினான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "தாந்தின், மொட்டை ஒரு திசைகாட்டி வாங்கணும்னு சொல்லிட்டிருந்தான். மழை இறங்கினா கரை தெரியாதுன்னு. திசைகாட்டிக்குக் கூடு பித்தளை. அதையும் படகைத் தொடவிடக் கூடாதே. இந்த அளவுதான் இருக்கும்," என்று கையால் காட்டினான்.

"திசைகாட்டியைப் பார்க்கணும்டா, பொட்டியில போட்டு மூடினா எப்படிப் பார்ப்ப?" என்றார் வீராப்பன்.

"மூடியைத் திறந்துதான்."

அவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்த் தகட்டை எடுத்து வந்து பெட்டியில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. நான்கு பக்கமும் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது. தகட்டுக்காகச் செய்தால் நீ ஒரு விரல் இடம் விடுகிற ஆள் இல்லை. ஆனால் தகடு சாமி மாடத்தில் இருந்தது, என்னோடு பேச்சில்லாமல் இருக்கும்போது நீ அதை எடுத்து அளந்திருக்க முடியாது, கண்ணால் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும். இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. பட்டறையில் உன் கூட்டாளிகளைக் கேட்கலாம், அவர்களிடம் சொல்லியிருப்பாய் என்றான் அந்துவான். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அவர்கள் திசைகாட்டி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம் என்பதை நான் அவனிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவது புத்தி இதுதான். ஒன்றைச் செய்தால் எதற்குச் செய்தேன் என்று வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பேச்சு நின்றிருந்தாலும் சொல்லலாம். ஊறுகாய் கேட்ட வாயால் சொல்லியிருக்கலாம். கேட்கத் தெரியாமல் இருந்தவளும் ஒருத்தி இருந்தாள், அதையும் இதே வரியில் எழுதிவிடுகிறேன்.

தகடு பெட்டிக்குள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ரப்பருக்கும் மரத்துக்கும் நடுவில், தண்ணீர் படாமல் அது இருக்கும். நீ சொன்ன எதையும் நான் மீறவில்லை. வாரம் ஒருமுறை நானே பெட்டியைத் திறந்து ரப்பர் பிசகியிருக்கிறதா என்று பார்ப்பேன், பிசகினால் வீராப்பன் எத்தனை கத்தினாலும் தகட்டை எடுத்துவிடுவேன், இதை அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார். திசைகாட்டி வாங்கினால் எங்கே வைப்பது என்றான் அந்துவான். வாங்கும்போது பார்க்கலாம் என்றேன். நாளைக்கு நாங்கள் மூன்று பேரும் வாய்வழி வரை போய்த் திரும்புகிறோம். உன் அப்பா போன பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. மீன் பெட்டி இடுப்புக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அவர்கள் இரண்டு பேரும் அது எதற்கு, எதற்கு என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். மொட்டைக்கண்ணு, விரலெல்லாம் பசையோடு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, அந்தப் பெட்டியை நீ யாருக்காகச் செய்தாய்?